அத்தையின் மாத்திரையும் அக்காவின் மாத்திரையும்

போன பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் கூடியிருந்தோம். தை மாதக் குளிர். பெரியவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் காலையிலிருந்து மூன்றாவது முறையாக அடுக்களையை விட்டு ஓடி வந்து கூடத்து ஃபேனுக்கு அடியில் நின்றாள். கழுத்தும் முதுகும் தொப்பலாக நனைந்திருந்தன. இரண்டு நிமிடத்தில் வேர்வை அடங்கி, அடுத்த நிமிடமே குளிர் எடுத்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்கு வயது 46. "டாக்டர் ஹார்மோன் தெரபி எடுத்துக்கிறீங்களான்னு கேட்டாங்க" என்றாள்.

அவ்வளவுதான், பேச்சு பற்றிக்கொண்டது. "ஐயோ, அதைத் தொட்டுடாதே. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா மார்ல கேன்சர் வரும்" என்றார் சித்தி. அத்தை விடவில்லை. "யாரு சொன்னா? எனக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்கு ஹார்மோன் மாத்திரைதான் எழுதிக் கொடுத்தாங்க. கேன்சர் திரும்ப வராம இருக்கத்தான் அது." அத்தைக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார். அவர் பேச்சுக்கு வீட்டில் எடை அதிகம். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வர்றப்போ அந்தக் கர்ப்பப்பை ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க. மூணு வருஷத்துக்கு முந்தின காகிதம் இப்ப எதுக்குன்னுதான் தெரியலை" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், சித்தி சொன்னதிலும் உண்மை இருந்தது, அத்தை சொன்னதிலும் உண்மை இருந்தது. குழப்பம் பெயரில்தான். அத்தை ஐந்து வருடம் விழுங்கியது லெட்ரோசோல். அது ஹார்மோனே அல்ல. உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிற மருந்து. அக்காவிடம் டாக்டர் பேசியது, மாதவிடாய் நிற்கிற காலத்தில் (மெனோபாஸ்) வரும் இந்த உடல் கொதிப்புக்கு ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுப்பதைப் பற்றி. ஒன்று குழாயை மூடுகிறது, மற்றது திறக்கிறது. மருந்துச் சீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ஹார்மோன் தெரபி.

மூடுகிற வேலைதான் முதலில் தொடங்கியது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர் 1895-ல் முற்றிய மார்பகப் புற்றுநோயுடன் வந்த 33 வயதுப் பெண்ணின் இரண்டு சினைப்பைகளையும் அகற்றினார். மாட்டின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து பால் கறக்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதை அவர் கேட்டிருந்தார். சினைப்பைக்கும் மடிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது அதிலிருந்து பிடித்த நூல். அந்தப் பெண்ணின் கட்டிகள் சுருங்கின. அடுத்த ஆண்டு அதை அவர் பதிப்பித்தபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே உலகத்தில் கிடையாது.

அதற்கு அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் அலெக்சாண்டர் ஹாடோ நேர்மாறானதைச் செய்தார். மாதவிடாய் நின்று பல வருடமான பெண்களுக்குச் செயற்கை ஈஸ்ட்ரோஜனை அதிக அளவில் கொடுத்தார். அதிலும் சிலருக்குக் கட்டி சுருங்கியது! 1944-ல் வந்த அந்தக் கட்டுரையை இன்று நினைத்தால், இந்த விஷயம் நேர்கோட்டில் போகாது என்பதற்கு ஆரம்பத்திலேயே சாட்சி இருந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் புற்றுநோய்க்குத் தீனி என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது.

மாதவிடாய் நிற்கிற பெண்களுக்கு ஹார்மோன் கொடுக்கும் கதை தனி. அமெரிக்காவில் 1942-ல் பிரெமரின் விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன். ஆங்கிலத்தில் கர்ப்பிணி, பெட்டைக்குதிரை, சிறுநீர் என்ற மூன்று சொற்களின் துண்டுகளை ஒட்டித்தான் அந்தப் பெயரே வைத்தார்கள். 1960-களில் அதை என்றும் இளமை மருந்தாகவே விற்றார்கள். 1975-ல் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. உட்சுவர் தடித்துக்கொண்டே போவதைத் தடுக்க, சினைப்பை சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரொஜெஸ்டின் என்ற இரண்டாவது மருந்தைச் சேர்த்தார்கள். அந்தச் சிக்கல் தீர்ந்தது. அன்றிலிருந்து விதி எளிது: கர்ப்பப்பை இருந்தால் இரண்டு மருந்து, இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இதில்தான் தொங்குகிறது.

சித்தியின் பயத்துக்குப் பிறந்த தேதி உண்டு. 2002 ஜூலை 9. அமெரிக்க அரசு நடத்திய 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரும் ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்துவதாக அன்று அறிவித்தார்கள். 50 முதல் 79 வயது வரையிலான, கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள். பாதிப் பேருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை; மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எட்டரை ஆண்டு நடக்க வேண்டியது, சராசரியாக 5.2 ஆண்டில் நின்றது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்பதுதான் தலைப்புச் செய்தி. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். பல மருத்துவர்கள் அதை எழுதுவதையே விட்டார்கள்.

அந்த 26 சதவீதத்தை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். 30-க்கு 8 என்பது ஏறக்குறைய கால் பங்கு. 26 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. 10,000-க்கு 8 என்பதும் அதே உண்மைதான், ஆனால் காதில் விழும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது, பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது என்பதும் அதே அட்டவணையில் இருந்தது. மாரடைப்பு 7, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8 கூடியதும் அதே அட்டவணையில்தான். மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை.

எட்டுப் பேர்தானே என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. கோடிக்கணக்கானோர் சாப்பிட்ட மருந்து அது. 10,000-க்கு 8 என்றாலும் கூட்டினால் பெரிய எண். அதன் தடம் வெளியே தெரியவும் செய்தது. விற்பனை சரிந்த மறு ஆண்டே, 2003-ல், அமெரிக்காவில் புதிய மார்பகப் புற்றுநோய் எண்ணிக்கை 6.7 சதவீதம் குறைந்தது. ஆக, சித்தியின் பயம் வெறும் புரளி இல்லை.

ஆனால் அந்த ஆய்வு யாரிடம் நடந்தது என்பதைச் செய்திகள் சொல்லவில்லை. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் ஏராளம். காரணம், ஆய்வின் நோக்கமே வேறு: ஹார்மோன் கொடுத்தால் வயதான காலத்தில் மாரடைப்பைத் தடுக்கலாமா என்று பார்ப்பது. கடுமையாக உடல் கொதிக்கிற பெண்கள் வெற்று மாத்திரையில் தாங்க மாட்டார்கள் என்பதால் அவர்களைச் சேர்க்க ஆர்வம் காட்டவில்லை. ஃபேனுக்கு அடியில் நிற்கிற 46 வயதுக்காரி அந்தக் கூட்டத்தில் கிடையாது. அவளுக்கான கேள்வியை அவர்கள் கேட்கவும் இல்லை. பதில் மட்டும் அவள் வீடு வரை வந்துவிட்டது.

அதே திட்டத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தார்கள். 2004-ல் அதையும் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியது என்பதற்காக. மார்பகப் புற்றுநோயோ அந்தக் குழுவில் கூடவில்லை, குறைவதுபோல் தெரிந்தது. முதலில் யாரும் நம்பத் தயாராக இல்லை. விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். இருபது வருடக் கணக்கு 2020-ல் வந்தபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 22 சதவீதம் குறைவு, அதனால் இறந்தவர்கள் 40 சதவீதம் குறைவு என்று உறுதியானது. இரண்டு மருந்தும் சேர்ந்து சாப்பிட்டவர்களிடம் 28 சதவீதம் அதிகம் என்பதும் அப்படியே நின்றது. 2002-ன் செய்திக்கு முதல் பக்கம் கிடைத்தது. இதற்கு உள்பக்கத்தில் மூலை கிடைத்திருந்தாலே பெரிது.

ஒரே ஈஸ்ட்ரோஜன். பக்கத்தில் புரொஜெஸ்டின் இருந்தால் ஒரு முடிவு, இல்லாவிட்டால் எதிர் முடிவு. மார்பகத்தில் பால் சுரக்கும் செல்களைப் பெருக வைப்பதில் புரொஜெஸ்டினுக்குப் பங்கு உண்டு. மார்பக அடர்த்தியும் கூடும், மேமோகிராமில் கட்டி கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஈஸ்ட்ரோஜன் தனியாக வந்தால் ஏன் குறைகிறது? பல வருடம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பழகிவிட்ட செல்களுக்குத் திடீரென்று அதைக் கொடுத்தால் அவை செத்துப்போகின்றன என்பது ஒரு விளக்கம். ஹாடோ 1944-ல் பார்த்ததும் அதுவாக இருக்கலாம். அப்படியானால் அந்தப் பாதுகாப்பு, மாதவிடாய் நின்று வெகு நாள் கழித்து ஆரம்பித்தவர்களுக்குத்தான் பொருந்தும். நின்ற கையோடு ஆரம்பித்தவர்களுக்கு அல்ல.

இங்கேதான் ஆய்வாளர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2003-ல் வந்தது. 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த கணக்கு 2019-ல் வந்தது. இரண்டுமே ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தாலும் கொஞ்சம் ஆபத்து கூடும் என்றன. 2019 கணக்கின்படி, மேற்கு நாடுகளில் சராசரி எடையுள்ள 100 பெண்களில் 50-லிருந்து 69 வயதுக்குள் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் ஆரம்பித்து ஐந்து வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் அது 6.8. புரொஜெஸ்டினைத் தினமும் சேர்த்து எடுத்தால் 8.3. அதாவது முதல் வகையில் 200 பேருக்கு ஒருவர் கூடுதல், இரண்டாவதில் 50 பேருக்கு ஒருவர். நம் ஊரில் அடிப்படை எண்ணிக்கையே இதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவை பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்தவை அல்ல. எனக்கு 2020 கணக்கின் மேல் நம்பிக்கை அதிகம். அதே சமயம் அது வயதான பெண்களின் கணக்கு. எனவே மார்பகத்தைக் காக்கிறது என்று சொல்லி யாரும் ஈஸ்ட்ரோஜன் விற்கக் கூடாது. இரண்டு தரப்பையும் எடுத்துக்கொண்டால் கூட, கர்ப்பப்பை இல்லாதவருக்குக் கூடுதல் ஆபத்து மிகச் சிறியது என்பதில் சண்டை இல்லை.

கர்ப்பப்பை உள்ளவர்கள் என்ன செய்வது? எந்தப் புரொஜெஸ்டின் என்பதைப் பார்க்க வேண்டும். பிரான்சில், பெரும்பாலும் ஆசிரியைகள் அடங்கிய 80,000-க்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வின் 2008 முடிவில், செயற்கைப் புரொஜெஸ்டின் சேர்த்தவர்களுக்குத்தான் ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. உடலில் இயல்பாக உள்ள அதே புரொஜெஸ்டிரோனை நுண்துகளாக்கிய மாத்திரையைச் சேர்த்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. இன்று பல மருத்துவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் ஜெல்லாகவோ கொடுத்து, கூட இந்தப் புரொஜெஸ்டிரோனை எழுதுகிறார்கள். தோல் வழியே போனால் கல்லீரலைத் தொடாமல் போகும், ரத்தம் கட்டும் ஆபத்தும் குறையும். 2002-ல் சோதித்த மாத்திரைக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

இப்போது அத்தையின் மாத்திரைக்கு வரலாம். மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் தருவதில்லை. அப்படியானால் 61 வயதில் அவருக்கு எதைத் தடுக்க மருந்து? கொழுப்பிலிருந்து வருவதை. உடம்பின் கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அட்ரினல் சுரப்பி அனுப்பும் வேறு ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. அத்தையின் கட்டியில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்ததால் அவருக்கு அது பலித்தது. அந்த ஏற்பி இல்லாத புற்றுநோய் வகைகளில் இந்த மாத்திரையால் பயன் இல்லை.

இந்த ஒரு நொதியைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரிந்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு போடுகிற எடை வெறும் எடை அல்ல. அதுவே ஒரு ஹார்மோன் சிகிச்சை, டாக்டர் எழுதிக் கொடுக்காதது. பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி பெண்களுக்குக் காட்டுகிற ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 50 முதல் 59 வயதுக்குள் உள்ள 1,000 பெண்களை ஐந்து வருடம் பார்த்தால் 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தால் கூடுதலாக 4 பேர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் 4 பேர் குறைவு. தினம் கொஞ்சம் மது குடித்தால் கூடுதலாக 5. உடல் பருமன் இருந்தால் கூடுதலாக 24. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் 7 பேர் குறைவு. மாத்திரையைப் பற்றி வீடே கூடி விவாதிக்கிறோம். அந்த 24-ஐப் பற்றிப் பொங்கல் வீட்டில் யார் வாய் திறப்பார்? நெய் ஒழுகுகிற சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி போடும் நேரத்தில் சொன்னால் அடி விழும். தாய்ப்பால் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும்: 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியானபடி, வாழ்நாளில் தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து சுமார் 4.3 சதவீதம் குறைகிறது.

புற்றுநோய் வராதவர்களுக்கே அத்தையின் வகை மாத்திரையைக் கொடுத்துத் தடுக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. முதலில் டாமாக்சிஃபென், மார்பக ஏற்பிகளில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டாமல் தடுக்கிற மருந்து. இது பிறந்த கதையே சுவாரசியம். 1962-ல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் தயாரித்தபோது கருத்தடை மாத்திரையாக வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். எலியிடம் வேலை செய்தது; பெண்களிடம் நேர்மாறாகக் கருமுட்டையை வெளிவரத் தூண்டியது. கைவிட வேண்டிய மருந்து, 1971-ல் மான்செஸ்டரில் மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு மறுபிறவி எடுத்தது. ஆபத்து அதிகமுள்ள 13,388 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானபோது, டாமாக்சிஃபென் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2013-ல் அனஸ்ட்ரோசோலும் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டியது. பிரிட்டன் 2023-ல் அதைத் தடுப்பு மருந்தாகவே அனுமதித்தது.

அப்படியிருந்தும் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. ஏன் என்று அத்தையைக் கேட்டால் தெரியும். லெட்ரோசோல் சாப்பிட்ட முதல் வருடம் காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குவார். எலும்பு தேய்கிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நோய் வந்தவர் இதைப் பொறுத்துக்கொள்வார். வராதவர் ஏன் பொறுக்க வேண்டும்? டாமாக்சிஃபென் என்றால் உடல் கொதிக்கும், அரிதாகக் கர்ப்பப்பைப் புற்றுநோயும் ரத்தக்கட்டியும் வரும். அக்கா எதிலிருந்து தப்பிக்க மாத்திரை கேட்கிறாளோ, அத்தையின் வகை மாத்திரை அதையே கொடுக்கும். வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் டாமாக்சிஃபெனை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2019-ல் வந்தது. மார்பகத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்த 500 பெண்களிடம் நடந்தது. தொல்லை பெரிதாக இல்லாமலே நோய் பாதியாகக் குறைந்தது. இந்த வழி எனக்கு நம்பிக்கை தருகிறது.

மார்பகப் புற்றுநோய் ஒருமுறை வந்தவருக்கு அக்காவின் வகை மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதற்கும் விடை இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்தவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்றை 2003 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. எனவே அத்தை போன்றவர்களுக்கு இன்றும் பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு உடல் கொதித்தால் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற பழைய மருந்துகள் கொஞ்சம் உதவும். மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சில நரம்பு செல்கள் துள்ள ஆரம்பிக்கின்றன. அதுதான் ஃபேனைத் தேடி ஓட வைக்கிறது. அந்தச் செல்களையே அமைதிப்படுத்தும் ஃபெசோலினெடன்ட் 2023-ல் அமெரிக்காவில் வந்தது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்கும் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள்.

எச்சரிக்கை என்றதும் அண்மைச் செய்தி ஒன்று. 2002-க்குப் பிறகு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மருந்துகள் எல்லாவற்றின் மீதும், ஏன், பெண்ணுறுப்பு வறட்சிக்குத் தடவும் களிம்பின் மீதுகூட, கறுப்புக் கட்டம் போட்டு மாரடைப்பு, மார்பகப் புற்றுநோய் எச்சரிக்கையை அச்சிட்டிருந்தார்கள். அந்தக் களிம்பிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. 2025 நவம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கட்டத்தில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது என்ற 1975-ன் பாடம் மட்டும் கட்டத்துக்குள் நிற்கும். களிம்புக்கு நீக்கியது ரொம்பவும் தாமதம். மற்றவற்றுக்கு நீக்கியதைச் சிலர் கொண்டாடும் வேகத்தைப் பார்த்தால்தான் எனக்கு 1960-களின் விளம்பரம் ஞாபகம் வருகிறது. என்றும் இளமை, ஞாபகசக்தி, இதயம் என்று பட்டியல் மறுபடி நீள்கிறது. உடல் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் எலும்புக்கும் இது நல்ல மருந்து. அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் போதாதா?

சரி, அக்கா விஷயம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை, "கர்ப்பப்பை இருக்கா?" 43 வயதில் ஃபைப்ராய்டு கட்டிக்காக எடுத்தாகிவிட்டது என்றாள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய்? அத்தைக்கு, ஆனால் அது அப்பா வழி என்று இழுத்திருக்கிறாள். அப்பா வழியும் கணக்குதான் என்று சொல்லிவிட்டு, அத்தைக்கு எந்த வயதில் வந்தது, வேறு யாருக்கும் சினைப்பைப் புற்றுநோய் உண்டா என்று கேட்டாராம். 61 வயதில் ஒரே ஒருவருக்கு வந்தது பெரிய தடை அல்ல. மூன்றாவது கேள்விக்குத்தான் அக்காவிடம் பதில் இல்லை: "கர்ப்பப்பையோட சினைப்பையும் எடுத்தாங்களா?"

தெரியாது என்றுதான் நம் ஊரில் பலரும் சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை கிடையாது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இருபது முப்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வேலைக்குப் போவது 2019-ல் செய்தியானது. "எடுத்தாச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் எது எது போனது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. சினைப்பைகள் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் இன்னும் சில வருடம் சுரக்கும். அவையும் போயிருந்தால் அன்றைக்கே மெனோபாஸ், அதுவும் ஒரே இரவில். 45-க்கு முன்பு அப்படி நடந்தவர்களுக்கு எலும்பும் இதயமும் சீக்கிரம் பழுதாகும் என்பதால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதுதான் வழக்கம். அது ஏற்கெனவே இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பது. 2002-ன் 63 வயதுக்காரர்களின் கணக்கு அங்கே செல்லாது.

பொங்கல் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அக்கா பீரோவைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள். ரேஷன் கார்டும் எல்.ஐ.சி. ரசீதும் வைக்கிற பிளாஸ்டிக் கவரில் அது கிடைத்தது. மொபைலில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். இரண்டு பக்கம், மங்கிய அச்சு, நடுவில் ஒரு வரி: 'டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ.' முதல் மூன்று எழுத்து கர்ப்பப்பை. அடுத்த மூன்று எழுத்து இரண்டு பக்கத்துச் சினைப்பையும் கருக்குழாயும். பீட்சன் 1895-ல் தெரிந்தே எடுத்த அதே உறுப்புகள்.

போனில் அதைப் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்போ மூணு வருஷமா வேர்க்கிறது அதனாலயா?" என்றாள். அப்புறம், "கையெழுத்து என்னோடதுதான் போட்டிருக்கு" என்றாள்.